ஆகாயத்திலிருந்து ஆபத்து... ஆறு ஷீட்டில்!

உலகம் அழியப்போகிறது என்ற செய்தி முதலில் யாருக்குத் தெரியும்? விஞ்ஞானிக்கு என்பீர்கள். கிடையாது. போஸ்டர் ஒட்டுகிறவருக்கு!

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் வியாழன் விடிவதற்குள் அவர் கைக்கு வந்துவிடும். பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்கு வண்டிகள் வந்து சேருகிற நேரத்தில், சைக்கிள் ஹேண்டில்பாரில் பசை வாளி தொங்க, பின்னால் கேரியரில் பூமி, சூரியன், விண்கல், ஹீரோ நால்வரையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு வருவார். சுவருக்கு ஒரு இழுப்பு பசை. மைதா மாவைக் காய்ச்சி, மயில்துத்தம் கலந்தது. துத்தம் எதற்கு என்று கேட்டதற்கு ஒருவர் சொன்னார்: "பூச்சி அரிக்காது சார். மாடும் நக்காது. ஆனா நம்ம ஊரு மாடு படிச்ச மாடு. துத்தம் போட்டாலும் தின்னும்!"

ஆக, பிரளயத்தை முதலில் பார்க்கிறவர் போஸ்டர்காரர். முதலில் சாப்பிடுவது மாடு. நாம் மூன்றாவதுதான்.

இந்த வாரம் அப்படிப்பட்ட 'உலகம் அழியும்' பட போஸ்டர் ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாமா? பஸ் வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்.

* * *

முதல் விஷயம், வடிவம். எந்த ஊர்ப் படமானாலும் சரி, விண்கல், வேற்றுக் கிரகவாசி, கடல் பொங்குவது என்று எதுவானாலும் சரி, போஸ்டர் பெரும்பாலும் உயரவாக்கில்தான் இருக்கும். அமெரிக்காவில் தியேட்டர் வாசலில் வைக்கிற ஒற்றை ஷீட்டுக்கு அளவு 27 அங்குலம் அகலம், 40 அங்குலம் உயரம். இது அழிவுப் படங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மேலே ஆபத்து, கீழே ஆட்கள், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் பயம். 'இன்னும் விழவில்லை, விழப்போகிறது' என்பதை அந்த ஒரு சாண் இடம் சொல்லிவிடும்.

1996-ல் வந்த 'இன்டிபென்டன்ஸ் டே' போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ஒரு நகரத்துக்கே கூரை போட்ட மாதிரி ராட்சதக் கப்பல் ஒன்று மேலே நிற்கும். ஒரு சண்டையும் கிடையாது. ஒரு ரத்தத் துளியும் கிடையாது. வெறுமனே நிற்கும். வீட்டுக்குக் கடன்காரர் வந்து ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? அதே டெக்னிக்!

இரண்டாவது, அடையாளக் கட்டடம். ஓர் அலை எவ்வளவு உயரம் என்று வெறும் அலையை வரைந்து காட்ட முடியாது. பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒன்று நிற்கவேண்டும். அதனால்தான் இந்த டைரக்டர்களுக்கு நியூயார்க் சுதந்திர தேவி சிலை மேல் அத்தனை பிரியம். பீடத்தோடு சேர்த்து 93 மீட்டர். உலகத்துக்கே தெரிந்த அளவுகோல். 2004-ல் வந்த 'தி டே ஆஃப்டர் டுமாரோ' போஸ்டரில் அந்தச் சிலையைப் பனிக்குள் புதைத்தார்கள். அவ்வளவுதான், பனியின் ஆழம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 2009-ல் அதே டைரக்டர் ரோலண்ட் எம்மெரிக் '2012' எடுத்தார். போஸ்டரில் இமயமலை உச்சியில் ஒரு புத்த பிட்சு நிற்கிறார். எதிரே பனிச் சிகரங்களைத் தாண்டிக் கடல் கொட்டுகிறது. சுதந்திர தேவி போதாமல், அளவுகோலாக எவரெஸ்ட் பேட்டைக்கே போய்விட்டார் மனுஷன்!

நம் சென்னைக்கு என்ன அளவுகோல்? சந்தேகமென்ன, எல்.ஐ.சி. கட்டடம்தான். 1959-ல் திறந்தது, பதினாலு மாடி. கிராமத்திலிருந்து வருகிற கதாநாயகன் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் அடுத்த ஷாட்டில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பான். அதை இடிக்கிற மாதிரி போஸ்டர் போட்டால் அபாயம் எவ்வளவு பெரிசு என்று தமிழ்நாட்டுக்கே புரியும். ஒரே ஒரு சிக்கல். எல்.ஐ.சி.யே விழுந்துவிட்டால் க்ளெய்ம் யாரிடம் கேட்பது?

மூன்றாவது, அந்தக் குட்டி மனிதன். போஸ்டரின் அடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து நிற்பான். அவனுக்கு முகம் கிடையாது. ஏனென்றால் அவன் நாம்தான். நம் கண் முதலில் அவன் மேல் விழும். அவன் எங்கே பார்க்கிறானோ அங்கே நம் பார்வையும் ஏறும். கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போகிற வழிகாட்டி அவன். மேலே போய்ப் பார்த்துவிட்டு, 'அடேயப்பா' என்று மறுபடி அவனிடமே திரும்பி வருவோம். இந்த ஏற்ற இறக்கத்தில் டிக்கெட் கிழிந்துவிடும்.

நாலாவது, கலர். நீலமும் ஆரஞ்சும். ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் எல்லா போஸ்டரிலும் இதே ஜோடி கண்ணை உறுத்தும். காரணம் சுலபம். வண்ணச் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவை. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே போட்டோவில் நின்றால் இருவருமே பளிச்சென்று தெரிவதில்லையா, அது மாதிரி. நெருப்பு ஆரஞ்சு, வானம் நீலம். போதாததற்கு மனிதத் தோலும் ஆரஞ்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எனவே நீலப் பின்னணியில் முகம் தானாக முன்னால் வரும்.

முகம் என்றதும்தான் நம் ஊருக்கு வருகிறோம்.

* * *

ஹாலிவுட் அழிவுப் பட போஸ்டரில் ஹீரோ, அழிவுதான். நடிகர் பெயர் பொடி எழுத்தில் இருந்தாலும் போதும். நம் ஊரில் அது நடக்குமா? வானமே இடிந்து விழட்டும், அது ஹீரோவின் தோளுக்குப் பின்னால்தான் விழவேண்டும்! நான் படித்தது பி.காம். எனக்குப் போஸ்டரும் ஒரு பாலன்ஸ் ஷீட்டாகத்தான் தெரிகிறது. இந்தப் பக்கம் ஆபத்து எவ்வளவு, அந்தப் பக்கம் ஆள் எவ்வளவு? ஹாலிவுட் கணக்கில் ஆபத்து முதலாளி, ஆள் குமாஸ்தா. நம் கணக்கில் ஆள் முதலாளி. ஆபத்து சில்லறைச் செலவுகளில் ஒன்று.

2008 ஜூனில் வந்த 'தசாவதாரம்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை என்ன? ஒரு கிருமி ஆயுதம் வெளியே வந்தால் தேசமே காலி. கடைசியில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து, உப்புத் தண்ணீர் அந்தக் கிருமியை அடக்குகிறது. வேற்று நாட்டுக்காரர்கள் எடுத்திருந்தால் போஸ்டர் முழுக்க அலைதான். நமக்கு ஞாபகம் இருப்பது என்ன? பத்து கமல்! ஒரு முகமே முதலாளி என்றால் பத்து முகம் கம்பெனி இல்லையா? சுனாமிக்கு ஷேர் மிஞ்சுமா?

அப்புறம் 2018 ஜூன் 22-ல் 'டிக் டிக் டிக்' வந்தது. (1981-ல் பாரதிராஜா எடுத்த படத்துக்கும் இதே பெயர். அதில் ஆபத்து வைரத்தால் வந்தது, இதில் கல்லால். இரண்டும் கல்தானே!) சக்தி சௌந்தர் ராஜன் டைரக்ஷன். ஒரு விண்கல் வங்காள விரிகுடாவில் விழப்போகிறது. விழுந்தால் நம் கரையோரம் மொத்தமும் போச்சு. அதை உடைக்க ஒரு கோஷ்டி விண்வெளிக்குப் போகிறது. இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். 1963-லேயே 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் பானுமதியைக் கடத்திக்கொண்டு போக, எம்.ஜி.ஆர். மேலே போய் மீட்டு வந்த கதையைப் பெரியவர்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

இந்தப் படத்தின் போஸ்டரில் வடிவமைப்பாளருக்கு வந்த சோதனை சுவாரஸ்யமானது. ஜெயம் ரவிக்கு விண்வெளி உடை போட்டாயிற்று. விண்வெளி உடை என்றால் ஹெல்மெட். ஹெல்மெட் என்றால் முகம் போச்சே! நிஜ விண்வெளி வீரர்களின் ஹெல்மெட்டில் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பத் தங்கப் பூச்சு பூசிய கண்ணாடி உண்டு. 1969-ல் சந்திரனில் எடுத்த புகழ்பெற்ற போட்டோவைப் பாருங்கள். அதில் நிற்பவர் பஸ் ஆல்ட்ரின். அவர் முகம் தெரியாது. கண்ணாடியில் பிரதிபலிக்கிற குட்டி உருவம், போட்டோ எடுத்த ஆர்ம்ஸ்ட்ராங்! மனித குலத்தின் மகத்தான ஸ்டில்லில் ஹீரோவின் மூஞ்சியே இல்லை. நம் விநியோகஸ்தர் ஒத்துக்கொள்வாரா? "யாருய்யா இது, வெல்டிங் பட்டறை ஆளா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் உலகம் முழுக்க சினிமா ஹெல்மெட்டில் மட்டும் கண்ணாடி தெளிவாக இருக்கும். உள்ளே முகத்துக்கு லைட்டும் போட்டிருப்பார்கள். நிஜத்தில் அப்படி முகத்தில் லைட் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. விண்கல்லைத் தேடப் போனவர் தன் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நம் போஸ்டர்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், ஆறு ஷீட்டுல ஒண்ணு மாறிப்போனா என்னாகும் தெரியுமா?" என்றார். ஒரு டப்பிங் படத்துக்கு இருட்டில் அவசரமாக ஒட்டியதில் மேல் வரிசை கீழேயும் கீழ் வரிசை மேலேயும் ஆகிவிட்டதாம். காலையில் பார்த்தால் ஜனங்கள் ஆகாயத்தில் ஓடுகிறார்கள், எரிகல் ரோட்டில் கிடக்கிறது. "யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"ஒருத்தர் கேட்டாரு சார். புதுமாதிரி படமா, எத்தினி மணி ஷோன்னு!"

* * *

சிரிப்பு இருக்கட்டும். எனக்கு இந்த போஸ்டர்களோடு ஒரு நிஜமான வழக்கு உண்டு.

நம்மில் பெரும்பாலோர் நிஜ விண்கல்லையோ நிஜ சுனாமியையோ பார்த்ததில்லை. ஆபத்து எப்படி இருக்கும் என்று நம் மண்டைக்குள் இருக்கிற படம், போஸ்டர் வரைந்த படம். அந்தப் படம் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுக்கிறது. ஒன்று: ஆபத்து என்றால் பிரம்மாண்டமாக, கண்ணுக்கு நேரே தெரியும். இரண்டு: அது வரும்போது நீ நின்று பார்.

2013 பிப்ரவரி 15 காலை. ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் என்ற ஊருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று பூமியின் காற்றில் புகுந்து, தரைக்கு வருவதற்கு முன்பே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சூரியனைத் தோற்கடிக்கிற வெளிச்சம். போஸ்டரேதான்! ஊரே ஜன்னலுக்கு ஓடியது, வேடிக்கை பார்க்க. ஆனால் ஒளி உடனே வரும், ஒலியும் அதிர்வும் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று செகண்ட் வீதம் சாவகாசமாக வரும். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் கழித்து அதிர்வு அலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேருக்குக் காயம். பெரும்பாலோரைக் குத்தியது ஜன்னல் கண்ணாடி. விண்கல் யார் தலையிலும் விழவில்லை.

2004 சுனாமியும் இதே பாடம்தான். போஸ்டரில் சுனாமி என்றால் பத்து மாடி உயரத்துக்குச் சுருண்டு நிற்கிற தண்ணீர்ச் சுவர். நிஜத்தில் பல இடங்களில் அது வந்தது, கடல் மட்டமே கிடுகிடுவென்று ஏறி ஊருக்குள் ஓடி வந்த மாதிரி. தாய்லாந்துக் கடற்கரைகளில் முதலில் கடல் உள்வாங்கியது. வெறும் மணலும் துள்ளுகிற மீனும். ஜனங்கள் அதைப் பார்க்க இறங்கி நடந்தார்கள். சுவர் மாதிரி ஏதாவது தெரிந்தால்தானே ஓடுவதற்கு? சுமத்ராவில் பூமி அதிர்ந்து நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது.

அடுத்தது, காப்பாற்றுவது யார்? போஸ்டர்படி ஒற்றை ஆள். நிஜத்தில் விண்கல்லைத் திசை திருப்ப முடியுமா என்று மனிதன் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தது 2022 செப்டம்பர் 26. நாஸா அனுப்பிய 'டார்ட்' என்ற கலம். அது மோதும்போது எடை சுமார் 570 கிலோ. செகண்டுக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போய், 1.1 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்த டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர் கல்லின் மேல் மோதியது. அந்தக் கல்லால் நமக்கு ஆபத்து ஏதும் இல்லை, சும்மா ஒத்திகை. பெரிய கல் ஒன்றை அது சுற்றிவர 11 மணி 55 நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. மோதிய பிறகு 11 மணி 23 நிமிஷம். பஸ் அரைமணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்த மாதிரி! இதற்கு போஸ்டர் போடுங்கள் பார்க்கலாம். ஹீரோ ஒரு பெட்டி. முகம் கிடையாது, டயலாக் கிடையாது, ஃபிளாஷ்பேக்கில் அம்மா கிடையாது. கடைசி விநாடி வரை கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே போய் மோதிச் செத்தது. பின்னால் பல வருஷம் கணக்குப் போட்ட ஒரு பெரிய கூட்டம். குரூப் போட்டோவை வைத்து எந்தத் தியேட்டர் ஓடியிருக்கிறது?

* * *

சரி, பாலக்கோட்டுக்கு ஓர் அழிவுப் பட போஸ்டர் போடுவதானால் எப்படிப் போடுவது?

அடையாளக் கட்டடம் ரெடி. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. இல்லாவிட்டால் ரயில்வே ஸ்டேஷன். ஆரஞ்சு கலருக்கு நெருப்பே வேண்டாம், தக்காளி மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. சுனாமி வராது. கடலுக்கும் நமக்கும் நடுவில் எத்தனையோ மலை. விண்கல்லுக்கு நம் ஊர் வழி தெரிவதற்குள் விடிந்துவிடும்.

ஆனால் நம் மாவட்டத்துக்கு என்று நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. அது மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்து வந்தது. போர் குழாய் வழியாக! இங்கே பூமிக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து தண்ணீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய தண்ணீரைத் தெரியாமல் வருஷக்கணக்காகக் குடித்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. கலர் இல்லை, வாசனை இல்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்திதான் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்குப் பல் முளைத்து வரும்போதே மஞ்சளும் பழுப்பும் கறையாக வந்துவிடும். பிரஷ் தேய்ந்தாலும் கறை தேயாது. வயசானவர்களுக்கு எலும்பையும் மூட்டையும் இறுக்கிவிடும். இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு 2013-ல் தண்ணீர் விட்டார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள்.

இந்த ஆபத்தைப் போஸ்டரில் எப்படி வரைவது? மேலே வைக்க ஒன்றுமில்லை. வானம் காலி. நடுவில் ஒரு சாண் இடம் விட்டால் அதில் விழுவதற்கும் எதுவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வரையலாம். பார்க்கிறவர் தாகசாந்தி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஹாலிவுட் இலக்கணம் மொத்தமும் இங்கே செல்லாக்காசு.

நாம் இத்தனை நேரம் கிண்டல் செய்தோமே, நம் ஊர் இலக்கணம், அது செல்லும். முகம்! ஆறு ஷீட் முழுக்க ஒரே ஒரு முகம். ஏழாங்கிளாஸ் படிக்கிற ஒரு பெண் குழந்தை. யாரோ ஏதோ ஜோக் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம். டைட்டில்கூட வேண்டாம். இந்தப் பக்கத்துக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

போஸ்டர்காரரிடம் இந்த யோசனையையும் சொல்லிப் பார்த்தேன். வாளியில் கையை விட்டுப் பசையைக் கலக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒட்டலாம் சார். ஆனா பஸ் ஸ்டாண்டுல வேணாம், குடிதண்ணிக் குழா கிட்ட ஒட்டணும். ரெண்டு குழா இருக்கிற எடத்துல எது காவேரி, எது போருன்னு அம்பு போட்டுக் குடுங்க. ஜனங்களுக்கு ஒதவும்."

வடிவமைப்பு என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. நீங்கள் ஏறுவதற்கு முன் ஒன்று மட்டும்: வானத்தில் திடீரென்று கண்கூசும் வெளிச்சம் தெரிந்தால், தயவுசெய்து ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க மாடு இருக்கிறது.